விக்கியில் நீக்கப்பட்ட ஒரு வரி

மாலை ஐந்து நாற்பதுக்கு எங்கள் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அது தொங்கக் கூடாது. நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை முடித்து வரும்போது, பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகள் எனக்கு முன்பே வந்து, யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் கட்டிலில் சாய்ந்து மிக்சர் தின்றுகொண்டிருப்பாள். "கை கழுவினியா?" என்பேன். "ம்" என்பாள். கொஞ்ச நாளாக எங்கள் மாலைப் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான். அன்று அந்த "ம்" இல்லை.

பூட்டைத் திறந்து உள்ளே போய் அலமாரியைப் பார்த்தேன். அவள் வீட்டில் வைத்திருக்கும் என் பழைய போனைக் காணோம். பள்ளிக்குப் போன் கொண்டுபோகக் கூடாது என்பது விதி, அவள் விதியை மீறுகிற பெண்ணும் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று பதிவு செய்த குரல் சொன்னது. நிதானமான, பொறுமையான குரல். அதன்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

பள்ளிக்கு அழைத்தேன். வாட்ச்மேன் எடுத்தார்.

"எல்லாம் எப்பவோ போய்ட்டாங்கம்மா. நான் மெயின் கேட்டப் பூட்டிக்கினு இருக்கறேன்."

"ஸ்பெஷல் கிளாஸ் எதாவது...?"

"இன்னிக்கு ஒண்ணும் இல்லம்மா. உள்ள ஒரு காக்கா கூட இல்ல."

கணவருக்கு அழைத்துப் பயனில்லை என்று தெரிந்தும் அழைத்தேன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அந்த வாரம் அவருக்கு இரண்டாம் ஷிப்ட். உள்ளே நுழையும்போதே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், சாப்பாட்டு இடைவேளையில்தான் எடுப்பார். மணி அடித்து அடித்து நின்றது.

இதை எழுதுகிற இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. ஆனாலும் தெருமுனை திரும்பும்போது என் கண் முதலில் அந்தப் பூட்டைத்தான் தேடுகிறது. பூட்டு இல்லாத கதவைப் பார்த்த பிறகுதான் கால் ஒழுங்காக நடக்கிறது.

பதற்றத்தில் நான் செய்தது விசித்திரமாகத் தோன்றலாம். தெருவில் ஓடவில்லை. படியில் உட்கார்ந்து என் போனில் அவளுடைய வலைப்பூவைத் திறந்தேன். அதற்குக் காரணம் இருந்தது. என் மகள் எங்கே இருக்கிறாள், என்ன நினைக்கிறாள் என்பதை நான் தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழி அதுதான்.

சின்ன வயதில் அவள் வாய் மூடாது. ராஜ வீதியில் தேர் வரும்போது சக்கரம் ஏன் சதுரமாக இல்லை என்பதிலிருந்து ஆரம்பித்து வீடு வந்து சேரும்வரை கேள்விதான். பத்தாம் வகுப்பில் எங்கேயோ அது நின்றுபோனது. சண்டை எதுவும் இல்லை. குழாயில் தண்ணீர் நிற்பதுபோல மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. அடுத்த அறையில்தான் இருப்பாள். நான் அவளுக்காக ஏங்கிக்கொண்டிருந்தேன் என்றால் யாரும் சிரிப்பார்கள்.

பிறகு பள்ளிக்குப் புதிதாக ஒரு கணினி ஆசிரியை வந்தார். வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு வலைப்பூ தொடங்கிக் கொடுத்து, வாரம் ஒன்று எழுதவேண்டும் என்றார். பரீட்சைக்கு வருமா என்று கேட்டவர்களிடம், வராது, அதனால்தான் எழுதச் சொல்கிறேன் என்றாராம். என் மகள் எழுத ஆரம்பித்தாள். வகுப்பு ஜன்னல் வழியே தெரியும் கோபுரத்தில் எந்த நேரத்தில் கிளிகள் வந்து உட்காரும், சாயம் போடுகிற தெருவில் மழைத் தண்ணீர் என்ன நிறத்தில் ஓடும் என்றெல்லாம். ஒரு வாரம் இப்படி எழுதியிருந்தாள்: "எங்கள் வீட்டுக்குள் ஸ்பிரிட் வாசனை முதலில் வரும். அம்மா அதற்குப் பின்னால் வருவாள்." லேபில் இரத்தக் குழாய்களை அடுக்கிவிட்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் அதைப் படித்தேன். கையுறையைக் கழற்றி, முகம் கழுவிவிட்டு வந்தேன்.

"உன் பிளாக் படிச்சேன்" என்றேன் அன்று மாலை.

"படிச்சிக்கோ. கமென்ட் மட்டும் போடாத. என் மானம் போயிடும்."

அவள் பயத்திலும் நியாயம் இருந்தது. ஒரு பையன் ஒளிச்சேர்க்கை பற்றி எழுதிய கட்டுரையின் கீழே அரக்கோணத்திலிருந்து அவன் அத்தை, "சாப்டியா கண்ணு? இளைச்சிட்டியே" என்று கேட்டிருந்தாள். அதனால் நான் ஒரு சொல்கூட எழுதியதில்லை. படிப்பேன், மூடிவிடுவேன்.

அன்று அதில் புதிதாக ஒன்றும் இல்லை. போன வாரத்துக் கிளிகள்தான் இருந்தன.

அப்போதுதான் விக்கி நினைவுக்கு வந்தது. வலைப்பூக்கள் நன்றாகப் போகவே, வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரு விக்கி எழுதவேண்டும் என்று ஆசிரியை ஏற்பாடு செய்திருந்தார். பெற்றோர் கூட்டத்தில் அதைச் சுவரில் பெரிதாகக் காட்டி விளக்கினார். வலைப்பூ அவரவருக்குச் சொந்தம். விக்கி எல்லாருக்கும் பொது, ஒருவர் எழுதியதில் இன்னொருவர் சேர்க்கலாம், திருத்தலாம், எடுக்கலாம். எங்கள் ஊரையும் சுற்றியுள்ள ஊர்களையும் பற்றிப் பிள்ளைகளே எழுதப்போகிறார்கள், இரண்டு இரண்டு பேருக்கு ஒரு பக்கம் என்றார்.

பின்வரிசையிலிருந்து ஒரு நெசவாளி அப்பா எழுந்தார். "மிஸ், ஒரு தறியில நாங்க ரெண்டு பேர் உக்காந்து நெய்யறதுக்கே வூட்ல தெனம் சண்டை. நாப்பது பேர உக்கார வச்சா பொடவை வருமா?"

கூட்டம் சிரித்தது. பக்கத்தில் இருந்த அவர் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"வரும் சார்" என்றார் ஆசிரியை. "யார் எந்த இழை போட்டாங்க, யார் பிரிச்சாங்கன்னு எல்லாமே இதுல பதிவாகும். சண்டை வந்தா போட்றதுக்குன்னே பக்கத்துல தனியா ஒரு பக்கமும் இருக்கு. அங்க பேசித் தீத்துக்கணும்." சேர்த்த வரி பச்சையிலும் எடுத்த வரி சிவப்பிலும் தெரிவதைக் காட்டினார். "ஒரே ஒரு விதி. எழுதறது எதுவா இருந்தாலும் அது எப்படித் தெரியும்னு ஆதாரம் சொல்லணும்."

அந்த நெசவாளியின் மகளும் என் மகளும்தான் ஜோடி. அவர்களுக்குக் கிடைத்தது தாமல் ஏரி. கேட்டதும் எனக்குள் ஏதோ அசைந்தது. தாமல் என் அம்மா பிறந்த ஊர்.

படியில் உட்கார்ந்து ஏரிப் பக்கத்தைத் திறந்தேன். ஏரியின் பரப்பு, கரை, பாசனம் என்று பாடப்புத்தகம் போலவே இருந்தது. மாற்றங்களைக் காட்டும் இடத்தைத் தொட்டேன். பச்சை, பச்சை, பச்சை. நடுவில் ஒரே ஒரு சிவப்பு. என் மகள் எழுதியதை அவள் தோழி எடுத்திருந்தாள்.

"முன்பு இந்த ஏரியின் மதகைத் திறக்கத் தண்ணீருக்குள் மூழ்கிப் போனவர் என் அம்மாவின் தாத்தா."

மறுபடியும் படித்தேன். எப்போதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் சொன்னது அது. மதகின் அடைப்பு தண்ணீருக்கு அடியில் இருக்கும், மூச்சைப் பிடித்து மூழ்கித்தான் அதை எடுக்க வேண்டும், அதற்கென்று இருந்த ஆள் என் தாத்தா என்று. அவர் மூழ்கித் திறந்துவிட்ட தண்ணீர் பாய்ந்த வயல்களில் ஒரு காணிகூட எங்களுடையது இல்லை, எங்கள் வீட்டார் எல்லாரும் அதே வயல்களில் கூலிக்கு இறங்கியவர்கள் என்றும் சொன்னேன். அவள் "ம்" என்றாள். கேட்கவில்லை என்று நினைத்துப் பேச்சை விட்டுவிட்டேன்.

கேட்டிருக்கிறாள்.

பக்கத்திலேயே ஆசிரியை சொன்ன சண்டைப் பக்கம் இருந்தது. முந்தைய நாள் மாலை அடுத்த அறையில் அவள் சத்தமில்லாமல் தட்டிக்கொண்டிருந்தது இதைத்தான்.

"என் லைன் எங்க?" இது என் மகள்.

"எடுத்துட்டேன்பா. ஆதாரம் இல்ல." இது தோழி.

"கேக்காம எடுப்பியா?"

"தப்பா இருந்தா எடுக்கறதுதான? இதுல கேக்கறதுக்கு இன்னா இருக்குது?"

"தப்புன்னு உனக்கு யார் சொன்னா? எங்க அம்மா சொன்னாங்க."

"அம்மா சொன்னா ஆதாரமா? எங்க அம்மா கூடதான் நான் அழகுன்னு சொல்லிக்கினு இருக்குது."

"எங்க அம்மா பொய் சொல்ல மாட்டாங்க."

"அய்யோ, நான் அப்படியா சொன்னேன்?"

"நாளைக்கு என்கூட வா. காட்றேன்."

அதோடு முடிந்திருந்தது. நான் எழுந்து நின்றேன். தாமல். இரண்டு பெண்கள், லாரிகள் பறக்கிற பெங்களூர் சாலை, அந்தப் பக்கம் நிறைந்து கிடக்கிற ஏரி, இருட்டிக்கொண்டு வருகிற வானம். அவசரத்தில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டேன். அந்தப் பயத்துக்கு அடியில் வெட்கமில்லாமல் இன்னொன்றும் இருந்தது. எங்க அம்மா பொய் சொல்ல மாட்டாங்க. அவள் வாயால் இதை எனக்காக யாரிடமும் சொல்லி நான் கேட்டதே இல்லை. சொன்னவளைத்தான் காணோம்.

ஷேர் ஆட்டோ பிடித்து தோழியின் தெருவுக்குப் போனேன். தறிச் சத்தம் கேட்ட வீடுகளில் விசாரித்து அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். கணவனும் மனைவியும் ஒரே தறியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் சேலையின் உடலை நெய்ய, மனைவி ஓரத்தில் இருந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், நேர்லயே வந்துட்டீங்க? உள்ள வாங்க."

"உங்க பொண்ணு வந்துட்டாளா?"

"ஸ்பெஷல் கிளாஸுன்னு சொல்லிச்சே. வர்ற நேரந்தான்."

"ஸ்பெஷல் கிளாஸ் இல்லைங்க. ஸ்கூல்ல யாரும் இல்ல."

தறி நின்றது. போனை நீட்டினேன். அவர் உதடு அசைய அசையப் படித்தார். அழகு என்ற இடத்தில் அவரையும் மீறிச் சிரித்துவிட்டார்.

"புள்ளைங்கள காணோம், சிரிப்பு வருதா உனுக்கு?" என்று மனைவி கத்தினார்.

"இல்லடீ..." அவர் முகம் மாறியது. ஆணியிலிருந்து சட்டையை எடுத்தார். "தாமல் ஏரி இன்னா தெப்பக்குளமா, இந்தக் கரையில நின்னா அந்தக் கரை தெரியறதுக்கு? எங்கன்னு தேடுவேன்?"

"நானும் வர்றேங்க" என்றேன்.

"வாணாம் மேடம். திரும்பி வரச்சொல்ல வண்டியில மூணு பேரு வரணும். நீங்க இங்கியே இருங்க. போன் வந்தா எனுக்குச் சொல்லுங்க."

திரும்பி வரும்போது மூன்று பேர் என்று அவர் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் அங்கே உட்கார்ந்தேன்.

பாதி நெய்த சேலை தறியில் அப்படியே இருந்தது. அரக்கு உடல், பச்சைக் கரை. தோழியின் அம்மா இரண்டு முறை வாசலுக்குப் போய் வந்தார். பிறகு, சும்மா இருக்க முடியாமல்தான் என்று நினைக்கிறேன், காபி போட்டார். அவர் குடிக்கும் அதே மாதிரி எவர்சில்வர் டம்ளரில் எனக்கும் கொடுத்தார். என் அம்மா இருந்திருந்தால் அந்த டம்ளரை ஒரு கணம் பார்த்திருப்பாள். நான் குடித்துவிட்டேன்.

"மேடம், எம் பொண்ணு மேல கோவப்படாதீங்க" என்றார். "அதுக்கு நெனவு தெரிஞ்ச நாளா இந்தத் தறியத்தான் பாத்துக்கினு இருக்குது. இங்க தப்பா ஒரு இழை உழுந்தா நாங்க யாரயும் கேக்கறதில்ல. நான் போட்டத அவரு பிரிப்பாரு, அவரு போட்டத நான் பிரிப்பேன். பிரிச்சிட்டு அடுத்ததப் போட்டுக்கினு போவோம். அத மனசுல வச்சிக்க மாட்டோம். அங்கியும் அப்படித்தான் செஞ்சிருக்குது."

"தெரியுதுங்க."

"ஆனா உங்க பொண்ணுக்கு ஏன் அவ்ளோ கோவம்?"

எங்கள் முன்னோரைப் பற்றி எங்கேயும் எழுதியிருந்தது அந்த ஒரு வரிதான் என்று எப்படிச் சொல்வது? "எங்க வீட்ல எழுதி வைக்கிற வழக்கம் இல்லைங்க" என்றேன். "எழுதினதே அது ஒண்ணுதான்."

அவர் தன் டம்ளரைக் கீழே வைத்தார். "மெய்யாலுமே மூழ்குவாரா உங்க தாத்தா?" என்று கேட்டார்.

சொல்ல ஆரம்பித்தேன். ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது எவ்வளவு கொஞ்சம் என்று புரிந்தது. எந்த மதகு என்று தெரியாது. எத்தனை காலம் மூழ்கினார் என்று தெரியாது. அம்மா சொன்ன ஒரு காட்சி மட்டும் தெரியும். அவர் மூழ்கியதும் கரையில் நிற்கிற எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவருடைய மனைவி மட்டும் கரையில் நிற்கமாட்டாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் விளிம்புவரை இறங்கிப் போய், தலை எந்த இடத்தில் வெளியே வரும் என்று தெரியாததால் ஏரி முழுவதையும் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தக் குழந்தை என் அம்மா.

சொல்லி முடித்தபோது நாங்கள் இருவருமே வாசலில் நின்றுகொண்டிருந்தோம். எப்போது எழுந்தோம் என்று நினைவில்லை. தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. வேறு வீடுகளில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. "காமாட்சி, கொண்டாந்து சேத்துடும்மா" என்று அவர் முணுமுணுத்தார். நான் என் கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைப் பிடித்திருந்தேன். தெருவின் இரண்டு முனைகளில் எதிலிருந்து வருவார்கள் என்று தெரியாது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தோம்.

கணவர் சாப்பாட்டு இடைவேளையில் அழைத்தார். "இத்தனை மிஸ்டு கால், என்ன ஆச்சு?" வேகவேகமாகச் சொன்னேன். "நான் கெளம்பறேன்" என்றார். நான் பதில் சொல்வதற்குள் தெருமுனையில் ஒரு வண்டியின் விளக்கு திரும்பியது. அதில் எத்தனை தலை என்று எண்ணத்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

மூன்று.

"வந்துட்டா" என்றேன் போனில்.

வண்டி நிற்கும் முன்பே தோழி குதித்தாள். "ஆன்ட்டி, திட்டாதீங்க, ப்ளீஸ். வீடியோ எடுத்து எடுத்து போன் செத்துப்போச்சு. பஸ்ஸும் வரல." அவள் அம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு அதே கையால் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"மெயின் ரோட்ல பஸ் ஸ்டாப்லதான் நின்னுக்கினு இருந்தாங்க மேடம்" என்றார் தோழியின் அப்பா. "காலு மட்டுந்தான் நின்னுச்சு, வாயி நிக்கல. அவ்ளோ தூரம் போயிட்டும் ரெண்டும் சண்டை போட்டுக்கினே இருக்குது."

என் மகள் கடைசியாக இறங்கினாள். கணுக்கால்வரை சேறு. யூனிபாரத்தின் ஓரம் நனைந்திருந்தது. திட்டுவதற்கு நான் சேர்த்து வைத்திருந்த சொற்கள் ஏராளம். அவளுடைய ஈரமான ஓரத்தைப் பிடித்துப் பிழிந்தேன். அதுதான் முடிந்தது.

"அம்மா" என்றாள். "அங்க யாருக்குமே தெரியலம்மா. மதகுல இப்ப திருகற சக்கரம் வச்சிருக்காங்க. யார் மூழ்குனாங்கன்னு கேட்டா சிரிக்கறாங்க. டீக்கடை, பம்பு செட்டு, கோயில்னு கேட்டுட்டோம். ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. உலகத்துலயே நீ ஒருத்திதான் சொல்ற."

அதைக் கேட்டு நான் நொறுங்கிப்போயிருப்பேன். அவள் தோழி விடவில்லை. "அதுக்குன்னு லைன் போச்சுன்னு இல்ல ஆன்ட்டி. நான்தான் வழியெல்லாம் சொல்லிக்கினு வந்தேன், இவ கேட்டாதானே? சும்மா 'அம்மா சொன்னாங்க'ன்னு எழுதினா ஒத்துக்க மாட்டாங்க. ஆனா யார் சொன்னாங்க, அவங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டுப் பதிவு பண்ணி வச்சா அது ஆதாரம். மிஸ்ஸே சொல்லியிருக்காங்க. பதிவு பண்ணிட்டா நானே என் கையால அந்த லைன திரும்பப் போட்றேன்."

என் மகள் அவளை முறைத்தாள். பிறகு தோழியின் அம்மாவிடம் சார்ஜர் கேட்டாள். தறிக்குப் பக்கத்துச் சுவரில் போனைச் செருகி, அது உயிர் பெறும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். நான் உள்ளே வந்து உட்கார்ந்த நாற்காலியின் காலடியில், அந்தச் சேற்றுக் காலோடு, சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அவ்வளவு பக்கத்தில் அவள் உட்கார்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. பதிவை ஓடவிட்டு, போனை என் முழங்காலில் வைத்து, முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"இப்ப சொல்லும்மா. மொதல்லருந்து சொல்லு. உனக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவும் சொல்லு. நான் எங்கயும் போகல."